பழைய காரில் மாவு வாளிகள்

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தை வைத்தே அன்றைய காலை எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். நல்ல நாளில் கார் ஒரு முறை இருமிவிட்டு எழுந்துகொள்ளும். கெட்ட நாளில் இருமிக்கொண்டே இருக்கும். அதைவிடக் கெட்ட நாள் ஒன்று உண்டு. அன்று உடனே எழுந்துகொண்டு, எங்களை நம்பவைத்து, கிங் சர்க்கிள் சிக்னலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பின்னாலிருந்து பஸ்காரன் ஹார்ன் அடிப்பான். டாக்சிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்ப்பார்கள். பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் அவர்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

பின்சீட்டில் அம்மா இரண்டு கைகளையும் இரண்டு வாளி மூடிகளின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தவள்போல. "ஏட்டி, அவசரப்படாத. கொஞ்ச நேரம் விட்டுப் பாரு" என்பாள். அவளுக்குத்தான் அவசரம். வாளிகளுக்குள் இட்லி மாவு இருந்தது.

அம்மா மாவு விற்கிறாள். தாராவியில் எங்கள் சந்தில் பாதி வீடுகளில் இட்லி வேகிறது. தலையில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருத்தெருவாகப் போவார்கள். அம்மா இட்லிக்குப் போகவில்லை, மாவோடு நின்றுவிட்டாள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவளுக்கென்று சில வீடுகள் இருந்தன. 'என் வீடுக' என்றுதான் சொல்வாள். விடிவதற்கு முன்னே எழுந்து, புளித்து நின்ற மாவைக் கலக்கி, வாளியில் ஊற்றி, சயான் ஸ்டேஷனில் ரயிலின் சாமான் பெட்டியில் ஏறி, மாட்டுங்காவில் இறங்கி, மாடி மாடியாக ஏறி ஊற்றிவிட்டு வருவாள். என் பள்ளிக்கூட ஃபீஸ் முதல் காலேஜ் பஸ் பாஸ் வரை அந்த வாளிக்குள்ளிருந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது.

போன வருஷம் அம்மாவின் வலது தோள் மேலே எழும்ப மறுத்தது. தலைவாரக் கூட கை வரவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி படியேறிச் சுமை தூக்கினால் தோள் மொத்தமாகப் போய்விடும் என்றார். அம்மா அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் இடது தோளில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

அப்போதுதான் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். நான் காலையில் அவளையும் வாளிகளையும் ஏற்றிக்கொண்டு போய், மாட்டுங்காவில் கொடுத்து, செம்பூரில் கொடுத்து, அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அப்படியே விக்ரோலி ஆபீசுக்குப் போய்விடலாம். படியில் வாளியைத் தூக்குவது என் வேலை. வேறு வழி ஏன் இல்லை என்று இந்த ஊர் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஆட்டோ சயானைத் தாண்டி மாட்டுங்கா பக்கம் வராது. டாக்சிக்காரன் வாளியைப் பார்த்த உடனே தலையை ஆட்டிவிட்டுப் போவான், ஒரு தடவை ஒருவன் சீட்டில் மாவு சிந்தியது என்று அம்மாவை நடுவழியில் இறக்கிவிட்டதும் உண்டு.

எங்கள் சந்தில் யாரும் எதையும் கடைக்குப் போய் வாங்குவதில்லை. டிவி என்றாலும், தையல் மிஷின் என்றாலும், நிலம் என்றாலும், ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். அவர் வழியாகத்தான் வரும். காருக்கும் ஒரு ஊர்க்காரர் இருந்தார். அப்பா அவரைக் கூட்டிவந்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார். அவர் காபியைக் குடித்துவிட்டு, "வண்டின்னா எஞ்சின்ல காத வச்சு கேக்கணும் தாயி. காகிதத்துல ஒண்ணும் தெரியாது" என்றார்.

நான் காகிதத்தைத்தான் நம்பினேன். பழைய கார் விற்கும் கம்பெனி ஒன்றில், வண்டியைத் தலைகீழாகச் சோதித்து எழுதிய அறிக்கை கொடுத்தார்கள். அதை வரி விடாமல் படித்தேன். புரியாததை எழுதி வைத்துக் கேட்டேன். கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பையன் கொஞ்சம் திணறினான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ரேஷன் கடிதமோ கரண்ட் பில்லோ எது வந்தாலும் எங்கள் சந்தில் என்னிடம்தான் நீட்டுவார்கள். எனக்காக ஒரு காகிதத்தைப் படித்து நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அந்தக் கார். வெள்ளை நிறம். ஒரே ஆள் ஓட்டியது. டயர் புதிது.

பங்குனியில் வாங்கினோம். கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினேன். சந்துக்குள் கார் வராது. மெயின்ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்காரர் தன் கடை முன்னால் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். வாரம் ஒரு தூக்குவாளி மாவு அவருக்கு வாடகை. சந்திலிருந்து எல்லாரும் நடந்துவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா காரைச் சுற்றி ஒரு சுற்று வந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவினார். எஞ்சினில் காது வைக்கவில்லை.

சித்திரை பிறந்தது. கார் ஒரு நாள் சயானிலேயே நின்றது.

மெக்கானிக் எங்கள் ரோட்டு முனையிலேயே இருந்தார். தமிழ்க்காரர்தான், ஆனால் வாயில் இந்திதான் முதலில் வரும். வந்து பார்த்தார். "பேட்டரி கதம் அக்கா. வேற போட்டா ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ்" என்றார். போட்டோம். பழைய கார் என்றால் பேட்டரி போவது சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று நாங்கள் வெயிலில் ரொம்ப நேரம் நின்றோம். மாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புளித்துப் பொங்கிய மாவைக் கலக்கினால் அது அடங்கிவிடும். அடங்கியது செத்துப்போனதல்ல. "கலக்கி ஊத்துனா கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும். பொறவு நம்ம பேச்சக் கேக்காது" என்பாள் அம்மா. ரயிலில் வாசல் காற்று இருக்கும், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். மூடிய காருக்குள் சித்திரை வெயிலில் அது மறுபடி எழுந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு, வாளியின் ஓரம் வழியாக இறங்கி, சீட்டில் பரவியது.

வாளியில் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றியிருந்தால் அப்படி ஆகியிருக்காது. அதை அம்மாவிடம் யாரும் சொல்ல முடியாது. அவளுடைய வாளி எப்போதும் தளும்பத்தான் இருக்கும். அளந்து ஊற்றியபின் மேலே ஒரு கரண்டி, அதன் மேலே இன்னும் அரைக் கரண்டி. "வாளி கொறையாத் தெரிஞ்சா வாங்குதவ மனசும் கொறைஞ்சு போகும்." பாக்கெட் மாவு வந்த பிறகும் அவளுடைய வீடுகள் அவளை விடாமல் வைத்திருந்ததற்கு அந்த அரைக் கரண்டிதான் காரணம் என்று உறுதியாக நம்பினாள். நானும் நம்பினேன்.

அன்று மாட்டுங்கா மாமி வீட்டுக்குத் தாமதமாகத்தான் போனோம். அம்மாவின் வீடுகளில் பெரிய வீடு அந்த மாமியுடையது. பாலக்காட்டுக் குடும்பம். தன் வீட்டுச் சமையலறையிலேயே இட்லி, தோசை செய்து சுற்றிலும் உள்ள ஆபீஸ்காரர்களுக்குக் காலை டிபன் அனுப்புகிறார். அம்மா அரைப்பதில் பாதி அங்கேதான் போகும். மாமி போனால் மற்ற வீடுகளை வைத்துக்கொண்டு கிரைண்டர் கரண்ட்டுக்குக் கூடக் கட்டுப்படி ஆகாது. அம்மாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். மாமிக்கும் தெரிந்திருக்கும்.

பேட்டரிக்குப் பிறகு கார் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு மறுபடி நின்றது. இந்தத் தடவை ஸ்டார்ட்டர் என்றார் மெக்கானிக். அதற்கடுத்த தடவை ஃபியூஸ். அதற்கடுத்த தடவை, "பெட்ரோல்ல கச்சரா, அழுக்கு இருக்கும் அக்கா, வேற பம்ப்ல போடுங்க" என்றார். அவர் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் கார் நல்ல பிள்ளையாக ஒரே திருப்பலில் எழும். "பாருங்க, நல்லாத்தான ஓடுது. டென்ஷன் எடுக்காதீங்க" என்பார். நான் டென்ஷனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் நிற்கிறது என்பதைக் கவனித்தேன். எல்லா ஸ்பீட் பிரேக்கரிலும் அல்ல. மேகம் கூடிய நாளில் அதிகம். வெயில் நாளில் குறைவு. ஆனால் அதுவும் உறுதியில்லை. உறுதியான கோளாறு என்றால் ஒரு தடவையோடு முடிந்துவிடும். இது எங்கள் சந்தில் தண்ணீர் வருவதைப்போல, வரும் என்றால் வராது, வராது என்று குடத்தைக் கவிழ்த்தால் வரும். நான் காரைக் கேட்டுக்கொண்டே ஓட்டப் பழகினேன். ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் காது எஞ்சினிலேயே இருந்தது. ஊர்க்காரர் சொன்னபடி கடைசியில் காது வைக்க ஆரம்பித்துவிட்டேனே என்று எனக்கே அலுப்பாக இருந்தது.

நாற்றம் வேறு. நின்ற நாட்களில் எல்லாம் மாவு பொங்கிச் சிந்தியது. அம்மா உடனே துணியால் துடைத்துவிடுவாள். ஆனாலும் காருக்குள் புளித்த வாடை இருந்தது. எலுமிச்சை தொங்கவிட்டேன், சென்ட் அடித்தேன். எலுமிச்சையும் சென்டும் புளித்த மாவும் சேர்ந்து புது வாடை ஒன்று உண்டானது. ஆபீசில் பக்கத்து மேஜைப் பெண் ஒரு நாள், "இங்கே யாராவது தோசை கொண்டு வந்திருக்கீங்களா?" என்று இந்தியில் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் கான்டீனில் தோசை வாங்கி அவளுக்கும் பாதி கொடுத்தேன்.

அப்பாவுக்குக் கொண்டாட்டம் என்று சொல்ல மாட்டேன். அவர் தோல் பை தைக்கும் பட்டறையில் நாள் முழுவதும் நின்று வெட்டுகிறவர், களைப்பில் வருவார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வார்த்தை விழுந்துவிடும்.

"இன்னைக்கு எங்கன நின்னுச்சு?"

"நிக்கல்லப்பா."

"அப்பம் நாளைக்கு நிக்கும்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். "காகிதத்தப் பாத்து வண்டி வாங்குனா காகிதந்தான் ஓடும். அவரு அன்னைக்கே சொன்னாருல்லா."

"பிள்ளய விடுங்க. அவ என்ன செய்வா" என்பாள் அம்மா.

"நான் என்ன சொல்லிட்டேன்? படிச்ச பிள்ள. படிச்சுப் பாத்துத்தான வாங்குனா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். கார் நிற்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன், கடிதம் எழுதினேன். விற்பனைக்குப் பின் உள்ள காலக்கெடு முடிந்தது என்று மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வந்தது. அந்தக் காலக்கெடுவையும் வாங்கும்போது நான் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, மாமி வீட்டுக்கு ரொம்பத் தாமதமாகிவிட்டது. நான் வாளியோடு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அம்மா மெல்லப் பின்னால் வந்தாள். மாமி கதவைத் திறந்து, வாளியைத் திறந்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"புளிச்சிருக்கு கேட்டயா. போன தடவையும் இப்படித்தான். நாலாவது மாடி ஆபீஸ்காரர், இன்னிக்கு இட்லியா மோர்க்குழம்பான்னு கேட்டார்."

"வண்டி நின்னு போச்சு மாமி. இந்த ஒரு தடவ பொறுத்துக்கிடுங்க" என்றாள் அம்மா.

"நான் பொறுத்துப்பேன். வயத்துக்குப் பொறுக்கணுமோல்லியோ." மாமி கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். அவருக்கும் காலையிலிருந்து நின்ற கால். "கீழ கடைல பாக்கெட் மாவு வரது. எனக்கு அது பிடிக்காது, உப்பு ஜாஸ்தி. ஆனா அது ஒம்பது மணிக்கு வந்து வண்டி நின்னு போச்சுன்னு சொல்லாது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ரயிலில் போன காலத்தில் அவள் ஒரு நாளும் தாமதமானதில்லை. அவளைக் காரில் உட்கார வைத்துத் தாமதமாக்கியது நான்.

"ஞாயித்துக்கிழமை எங்காத்துல விசேஷம். இவருக்கு அறுபது ஆறது" என்றார் மாமி. "காலம்பர ஏழு மணிக்கெல்லாம் மாவு கெடைச்சாகணும். நாலு வாளி. உன்கிட்டயே சொல்லலாமா, பாக்கெட்டே சொல்லிடட்டுமான்னு நீயே சொல்லு."

"எங்கிட்டயே சொல்லுங்க மாமி."

"அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா அப்புறம் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. நீயும் ஒண்ணும் மனசுல வெச்சுக்கப்படாது."

படியிறங்கும்போது அம்மா, "நாலு வாளி" என்று மட்டும் சொன்னாள். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை செம்பூரில் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் கார் மறுபடி செத்தது. அது எழுந்திருக்கும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு யாரிடமாவது டெம்போ கேட்கலாம். திங்கள் முதல் இந்தக் கார் வேண்டாம். விற்றுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். எனக்குப் பின்னால் அம்மா வழக்கம்போல துணியை எடுத்துச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் காரை விற்பனைக்குச் சுத்தம் செய்ய நான் பக்கெட்டும் பிரஷ்ஷும் எடுத்தபோது அம்மா கூடவே வந்தாள்.

"முன்னால நீ பாரு. பின்சீட்ட நான் பாத்துக்கிடுதேன்."

"உனக்குத் தோள் வலிக்கும். நீ போய்ப் படு."

"வலிக்கல்ல. நான் பாக்குதேன்னு சொல்லுதேம்லா."

குரலில் என்னவோ இருந்தது. நான் பின்கதவைத் திறந்து சீட்டின் உட்காரும் பலகையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். அது இரண்டு கிளிப்பில்தான் நிற்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. டப்பென்று கையோடு வந்தது. அதன் கீழே என் முகத்தில் அடித்த வாடையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கீழே தகரத்தில் காய்ந்த மாவு படலம் படலமாக இருந்தது. பழையது பழுப்பாக, அதன் மேல் சாம்பல் நிறமாக, மேலே இன்று காலையுடையது வெள்ளையாக. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதன் நடுவே ஒரு வட்டமான மூடியும், அதிலிருந்து கிளம்பும் வயர்களும், வயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பும். இணைப்பின் வாயில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, பழைய செம்பில் களிம்பு ஏறுவதுபோல.

மாவு அங்கே வந்தது புரிந்தது. தண்ணீர் எப்படி வந்தது என்று புரியவில்லை. மழை இன்னும் பிடிக்கவில்லை. கார் ஒழுகவும் இல்லை.

"அம்மா, இதுல தண்ணி எப்படி?"

அம்மா சாலையைப் பார்த்தாள். பாத்திரக் கடைக்காரரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் ஊத்துனேன்."

"என்னத்துக்கு?"

"துடைச்சா மேல உள்ளதுதான போகும்? இடுக்குல எறங்குனது நாறுமுல்லா. நீ ஆபீசுல இருந்து வந்து படுத்த பொறவு சாவிய எடுத்துட்டு வந்து, இடுக்குல ரெண்டு செம்பு தண்ணி ஊத்தி அலசி விடுவேன்." முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஆபீசுக்குப் போற பிள்ள. புளிச்ச வாடையோட போய் நாலு பேருக்கு முன்னால நிக்கக் கூடாதுன்னுதான். கிரைண்டர அப்படித்தான கழுவுதோம்."

கிரைண்டரை அப்படித்தான் கழுவுகிறோம். கல்லைத் தூக்கி, இடுக்கில் தண்ணீர் ஊற்றி, அலசி, கவிழ்த்துவிடுவோம். காரைக் கவிழ்க்க முடியாது. ஊற்றியது அங்கேயே நின்று, மாவோடு சேர்ந்து மறுபடி புளித்து, வயரைத் தின்றிருக்கிறது. கார் நின்றதால் மாவு பொங்கியது. மாவு பொங்கியதால் கார் நின்றது. முதல் தடவை பேட்டரி போனது மட்டும்தான் காருடைய தப்பு. அதற்குப் பிறகு எல்லாம் நாங்களே.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். "பெட்ரோல் பம்ப் கப்ளர் அக்கா. இங்கதான் பிராப்ளம்னு எனக்கு அப்பவே டவுட்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"டவுட்தான, கன்ஃபர்ம் இல்லியே." கூச்சமே இல்லாமல் சிரித்தார். "இத்தன வருஷத்துல பெட்ரோல் லீக் பாத்திருக்கேன், ஆயில் லீக் பாத்திருக்கேன். இட்லி மாவு லீக் இதான் மொதல்." வயரை வெட்டி வேறு இணைப்பு போட்டு, சுற்றிலும் சுரண்டித் துடைத்து, காயவைத்து, சீட்டைப் பொருத்தினார். சாவியைத் திருப்பினேன். எழுந்தது. அவர் முன்னால் அது எப்போதும் எழும் என்பதால் நான் சிரிக்கவில்லை. ரோட்டில் இருந்த ஸ்பீட் பிரேக்கர்களில் எல்லாம் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கிவிட்டு வந்தேன். நிற்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா ஆரம்பித்தார்.

"விக்கப் போறியாமே. கடைக்காரரு சொன்னாரு."

"இல்ல. சரியாயிட்டு."

"என்ன கோளாறாம்?"

எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்துவிட்டது. காகிதம் பொய் சொல்லவில்லை, நான் படித்தது தப்பில்லை, வண்டி நல்ல வண்டி என்று எல்லாவற்றையும் தட்டின் முன்னால் வைக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் கேட்ட வார்த்தைக்கு எல்லாம் பதில் என்னிடம் இருந்தது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கரண்டி சட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டியில் ஒன்றும் இல்லை.

"வயரு பழசாயிட்டுப்பா. மாத்தியாச்சு."

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் அப்பா. "அவரு அன்னைக்கே சொன்னாரு."

"ஆமா. சொன்னாரு."

அப்பா ஆச்சரியமாக என்னைப் பார்த்துவிட்டு ரசத்தைக் கேட்டார். அம்மா கொண்டுவந்து ஊற்றும்போது எனக்கும் ஊற்றினாள். நான் கேட்கவில்லை. அதன் மேலே ஒரு கரண்டியும் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மாமியின் நான்கு வாளிகளையும் செம்பூருக்கான சின்ன வாளியையும் காருக்குக் கொண்டுவந்தோம். சின்னதையும் மாமியின் மூன்றையும் பெரிய பிளாஸ்டிக் டப்புகளுக்குள் வைத்துக் காரின் தரையில் நிறுத்தினேன். நான்காவதை அம்மா விடவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தூக்கக் கூடாதுன்னுதான சொன்னாவ. நான் தூக்கல்ல. உக்காந்துருக்கேன்."

அன்றைக்கு அவள் வாளிகளில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றியிருந்தாள். ஒவ்வொரு வாளியாக மூடும்போதும் நின்று நின்று உள்ளே பார்த்ததை நான் கவனித்தேன். சிக்னலில் நின்றபோதும் மடியிலிருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "கொறையாத் தெரியுதேட்டி" என்றாள். கிங் சர்க்கிளைத் தாண்டினோம். கார் நிற்கவில்லை. இருமக்கூட இல்லை. எனக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். காதுதான் இன்னும் எஞ்சினில் இருந்தது. அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை.

மாமி வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஏழு மணி ஆகவில்லை. நான் நான்கு தடவை மாடி ஏறி இறங்கினேன். மாமி பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து வாளியைத் திறந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். தலையை ஆட்டினார். பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னது, இன்னிக்கு அளவு குறைஞ்சிருக்கே?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், பார்த்தியா, நான் சொன்னேம்லா என்பது இருந்தது. தோள் வலிக்காத கையால் தன் பைக்குள்ளிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தாள். அதை அவள் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. நான்கு வாளியிலும் விட்ட இரண்டு விரல் இடம் அதற்குள் இருந்தது, அதற்கும் மேலே அரைக் கரண்டி. மூடியைத் திறந்து ஒவ்வொரு வாளியிலும் தளும்பும்வரை ஊற்றினாள்.

மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு டிபன் கெடையாது. செவ்வாய்க்கிழமை எப்பவும்போல கொண்டு வந்துடு" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்கோ, பந்தி எட்டரைக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு இன்னும் செம்பூர் வீடுகள் இருந்தன. அவற்றில் இரண்டு ஏற்கெனவே பாக்கெட்டுக்குப் போய்விட்டன. 

திரும்பும்போது மழை பிடித்தது. அந்த வருஷத்தின் முதல் மழை. அம்மா பக்கத்துக் கண்ணாடியை ஏற்ற பட்டனை அழுத்தினேன். பாதிவரை வந்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். உள்ளே ஏதோ சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா பையைத் திறந்தாள். காலியான தூக்குவாளியின் மூடியை எடுத்துக் கண்ணாடி வராத இடத்தில் பிடித்துக்கொண்டாள். அது பாதி மழையைத்தான் மறைத்தது. மீதி அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"கை வலிக்கப் போவுது, எறக்கும்மா."

"இடது கைதான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."